சில சைட் மட்டும் திறக்கலையா? விண்டோஸை ஃபார்மேட் பண்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

யூடியூப் நல்லா ஓடுது, மெயில் வருது, ஆனா பேங்க் சைட்டோ பரீட்சை ரிசல்ட் சைட்டோ மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது. இந்த மாதிரி நேரத்துல நிறைய பேர் சிஸ்டத்தை தூக்கிட்டு கடைக்கு போறாங்க, அவங்க ஃபார்மேட் பண்ணி குடுத்துடறாங்க, குழந்தை போட்டோவெல்லாம் போயிடுது, கடைசில பார்த்தா பிரச்சனை அப்படியே இருக்கு. தயவுசெஞ்சு அதுக்கு போகாதீங்க. மத்த சைட்டெல்லாம் வருதுன்னாலே கேபிள், வைஃபை, ரீசார்ஜ் எல்லாம் சரியாத்தான் இருக்கு, கோளாறு வேற எங்கயோ.

முதல்ல எங்கன்னு பிரிச்சுக்கணும். அதே வைஃபைல போன்ல அந்த சைட்டை திறங்க. போன்ல வந்துட்டா கம்ப்யூட்டர்ல கோளாறு. போன்லயும் வரலன்னா வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டால போட்டு பாருங்க, அதுல வந்தா ரவுட்டர்லயோ நெட் கம்பெனிலயோ கோளாறு, அதுலயும் வரலன்னா சைட்டே படுத்திருக்கும், காத்திருக்க வேண்டியதுதான். ரெண்டு நிமிஷ வேலை இது, ஆனா பாதி குழப்பம் இங்கயே தீந்துடும்.

அடுத்து பிரவுசர் என்ன எரர் காட்டுதுன்னு முழுசா படிங்க. என்எக்ஸ்டொமைன் (NXDOMAIN)னு ஒரு வார்த்தை இருந்தா சைட் பேரை வெச்சு அதோட ஐபி அட்ரஸை, அதாவது நெட்ல அந்த சைட்டோட நம்பரை, கண்டுபிடிக்க முடியலன்னு அர்த்தம். பேரை நம்பரா மாத்தி குடுக்கற டிஎன்எஸ்ல கோளாறு. கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளை டைப் பண்ற விண்டோ) திறந்து ஐபிகான்ஃபிக், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், ஒட்டி ஃப்ளஷ்டிஎன்எஸ்னு (ipconfig /flushdns) அடிங்க, பழசா சேத்து வெச்சிருந்த அட்ரஸெல்லாம் அழிஞ்சுடும். அதுக்கும் வரலன்னா நெட்வொர்க் செட்டிங்ல டிஎன்எஸ்ஸை 1.1.1.1 இல்ல 8.8.8.8னு மாத்துங்க. முதலாவது 2018ல கிளவுட்ஃப்ளேர் ஆரம்பிச்சது, ரெண்டாவது 2009ல கூகுள் ஆரம்பிச்சது, ரெண்டுமே இலவசம்.

அதோட ஹோஸ்ட்ஸ் (hosts) ஃபைலையும் பாத்துடுங்க, எந்த சைட் பேருக்கு எந்த ஐபி அட்ரஸ்னு கம்ப்யூட்டர்லயே எழுதி வெக்கற ஃபைல் அது. சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசின்னு உள்ள போனா இருக்கும், நோட்பேட்ல திறக்கலாம். சாதாரண வீட்டு கம்ப்யூட்டர்ல எல்லா வரியும் ஹேஷ் (#) குறியோட ஆரம்பிச்சிருக்கும். ஹேஷ் இல்லாம 127.0.0.1 (இது உங்க கம்ப்யூட்டரையே குறிக்கற அட்ரஸ்), பக்கத்துல நீங்க தேடற சைட் பேருன்னு இருந்தா அதுதான் காரணம், நோட்பேடை அட்மினா திறந்து அந்த வரியை அழிச்சு சேவ் பண்ணுங்க. கிராக் சாஃப்ட்வேர் போட்ட சிஸ்டத்துல இது ரொம்ப சகஜம். ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, ஆன்டிவைரஸ் கம்பெனி சைட்டும் விண்டோஸ் அப்டேட்டும் மட்டும் குறிப்பா வரலன்னா அது வைரஸோட வேலையா இருக்க வாய்ப்பு அதிகம். 2008ல பரவின கான்ஃபிக்கர்ங்கற வைரஸ் இதத்தான் பண்ணுச்சு, மருந்து கிடைக்கற இடத்தை முதல்ல மூடிடும். வேற கம்ப்யூட்டர்ல ஸ்கேனரை இறக்கி பென்டிரைவ்ல கொண்டு வந்து ஓட்டுங்க. செட்டிங்ல பிராக்ஸி (நெட்டுக்கு நடுவுல வேற ஒரு சர்வர் வழியா போறது) பக்கத்துல நீங்க போடாத அட்ரஸ் ஏதாவது ஆன்ல இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க.

எரர்ல சர்டிஃபிகேட் (சைட் அசல்தான்னு பிரவுசருக்கு காட்டற அத்தாட்சி), பிரைவேட் இல்லன்னு ஏதாவது வந்தா உடனே வலது கீழ்மூலைல தேதியை பாருங்க. தேதி தப்பா இருந்தா சர்டிஃபிகேட் செல்லாதுன்னு பிரவுசர் முடிவு பண்ணிடும். தினமும் தேதி பின்னாடி போகுதுன்னா மதர்போர்டுல இருக்கற பட்டன் பேட்டரி தீந்திருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, புதுசு வாங்கி போட்டா போதும். தேதி சரியா இருந்தும் வருதா, விண்டோஸ் 7 மாதிரி பழசா? நிறைய சைட் நம்பியிருந்த ஒரு பழைய ரூட் சர்டிஃபிகேட் 2021 செப்டம்பர் 30ல காலாவதி ஆயிடுச்சு, அப்டேட் இல்லாத சிஸ்டமெல்லாம் அதுல மாட்டுச்சு. ஃபயர்ஃபாக்ஸ் சொந்தமா ஒரு சர்டிஃபிகேட் லிஸ்ட் வெச்சிருக்கறதால அதுல போட்டு பாருங்க. பேங்க் சைட்ல இந்த எரர் வந்தா பரவால்லன்னு தாண்டி உள்ள மட்டும் போயிடாதீங்க.

இப்ப யாருமே பாக்காத ஒண்ணு. எரரே இல்லாம ரொம்ப நேரம் சுத்தி டைம்அவுட் ஆகுது, அதுவும் குறிப்பிட்ட சில சைட் மட்டும், வீட்ல எல்லா டிவைஸ்லயும், ஆனா மொபைல் டேட்டால வருதுன்னா எம்டியுவை (MTU) சந்தேகப்படுங்க. நெட்ல டேட்டா பாக்கெட்னு சின்னச் சின்ன துண்டாத்தான் போகும், ஒரு பாக்கெட் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கற வரம்புதான் எம்டியு. ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட் இருக்கலாம், ஆனா யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு கனெக்ட் ஆகற பிபிபிஓஇ ஃபைபர் லைன்ல 8 பைட் அதுக்கே போயிடும், மிச்சம் 1492தான். பெரிய பாக்கெட் வந்தா நடுவுல இருக்கற ரவுட்டர் பெருசா இருக்கு சின்னதா அனுப்புன்னு சர்வருக்கு திருப்பி சொல்லும், சில சைட்டோட ஃபயர்வால் அந்த தகவலையே உள்ள விடாது, அதனால சர்வர் அதே பெரிய பாக்கெட்டை திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும், நமக்கு ஒண்ணும் வந்து சேராது. மத்த சைட் ஒழுங்கா வர்றதுக்கும் இது மட்டும் வராததுக்கும் காரணம் இதுதான்.

சோதிக்கறது ஈஸி. கமாண்ட் பிராம்ப்ட்ல பிங், 1.1.1.1, மைனஸ் எஃப், மைனஸ் எல், 1472ன்னு நடுநடுவுல ஸ்பேஸ் விட்டு (ping 1.1.1.1 -f -l 1472) அடிங்க, மைனஸுக்கும் எழுத்துக்கும் நடுவுல ஸ்பேஸ் வேண்டாம். ஃப்ராக்மென்ட் பண்ணணும்னு பதில் வந்தா 1464 போடுங்க. அது போச்சுன்னா கூட 28 சேத்து 1492, இதத்தான் ரவுட்டர்ல வேன் (WAN) செட்டிங்ல எம்டியுன்னு இருக்கற இடத்துல போட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். 1464ம் போகலன்னா பத்து பத்தா குறைச்சு, எது போகுதோ அதோட 28 சேத்துக்கோங்க.

விபிஎன் ஆன்ல இருந்தா அணைச்சுட்டு பாருங்க, அரசாங்க சைட் சிலது வெளிநாட்டு ஐபின்னா விடாது. இந்தியால ஐடி சட்டம் 69ஏ பிரிவுல அரசு தடை பண்ணின சைட்டா இருந்தா உங்க கம்ப்யூட்டர்ல எந்த கோளாறும் இல்ல, நோண்டி பிரயோஜனமும் இல்ல.

இதெல்லாம் பாத்தும் வரலன்னா நெட் கம்பெனிக்கு போன் பண்ணுங்க. நெட் ஸ்லோன்னு சொன்னா ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொல்லி வெச்சுடுவாங்க. எந்த சைட், எத்தனை மணிக்கு, மொபைல் டேட்டால வருது வீட்டு லைன்ல வரலன்னு சொல்லுங்க, கமாண்ட் பிராம்ப்ட்ல டிரேஸ்ஆர்டின்னு (tracert) அடிச்சு ஸ்பேஸ் விட்டு சைட் பேரை போட்டா வர்ற லிஸ்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பி, டெக்னிக்கல் டீமுக்கு மாத்துங்கன்னு கேட்டு கம்ப்ளெயின்ட் நம்பரை வாங்கிக்கோங்க.