பென்சில்ல வரைஞ்ச வட்டத்த உருண்டையா காட்டுறது எப்படி?

வட்டம் போட்டாச்சா, முதல்ல லைட் எங்க இருந்து வருதுன்னு முடிவு பண்ணுங்க, மேல இடது பக்கம்னு வச்சுப்போம். அங்க ஒரு சின்ன இடத்த பேப்பர் வெள்ளையாவே விட்டுட்டு எச்பி பென்சில்ல வளைவுக்கு ஏத்த மாதிரி ஷேட் பண்ணிட்டே வாங்க, லைட்ட விட்டு தள்ளிப் போகப் போக அதவிட கருப்பா விழுற 2பி பென்சில், அப்புறம் இன்னும் கருப்பான 4பி. நிறைய பேர் சொதப்புறது இங்கதான், ரொம்ப கருப்பு ஓரத்துல வரக்கூடாது, கொஞ்சம் உள்ள வரணும், ஏன்னா தரையில பட்ட வெளிச்சம் திரும்பி அடிச்சு அடி ஓரத்த லேசா வெளுக்க வைக்கும் (அதுக்காக லைட் பக்கம் அளவுக்கு வெளுத்துறாதீங்க). தரையில விழுற நிழல், உருண்டை தொடுற இடத்துல நல்ல கருப்பு, தள்ளிப் போனா மங்கல். விரலால தேய்க்காதீங்க, பிசுக்கு திட்டுத்திட்டா நிக்கும், டிஷ்யூ போதும். சுத்தி அவுட்லைன் தெரிஞ்சா அழிச்சிருங்க, அது இருந்தா தட்டையாதான் தெரியும்.