எல்லாக் காதுக்கும் ஒரே சைஸ் இல்லை: காக்ளியர் இம்ப்ளான்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு பனியன் தைப்பதற்குக்கூட மார்பளவு, நீளம், தோள் என்று எடுத்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைப்பார்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் என்பது, காது கேளாதவரின் கேள்நரம்பை மின்னோட்டத்தால் தூண்டி ஒலியைக் கொடுக்கும் கருவி. அதில் உள்காதுக்குள் ஆயுள் முழுக்க இருக்கப்போகிற மெல்லிய மின்கம்பியான எலெக்ட்ரோடை மட்டும் 'வழக்கமாகப் போடுவதுதானே' என்று எடுத்து வைப்பது நியாயமில்லை. எலெக்ட்ரோடு போய் உட்காரும் காக்ளியா நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்று சுருண்ட எலும்புக்குழாய். அந்தச் சுற்றின் அகலமும் குழாயின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும்.

எப்படி அளப்பது? சிடி ஸ்கேனில் காக்ளியாவின் அடிச்சுற்று முழுவதும் ஒரே தளத்தில் தெரியும்படி படத்தைச் சாய்த்துத் திருப்பவேண்டும். காக்ளியாவின் வாசலான வட்டச் சாளரத்தின் நடுவில் தொடங்கி, சுருளின் அச்சான நடுத்தண்டின் வழியாக, எதிர்ச்சுவர் வரை ஒரு கோடு. இதை 'ஏ' அளவு என்பார்கள். சராசரி 9 மி.மீ. பக்கம் வரும், 8 இருப்பவரும் உண்டு, 10 இருப்பவரும் உண்டு. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. இந்த அளவில் 1 மி.மீ. கூடினால் குழாயின் நீளம் சுமார் 4 மி.மீ. கூடிவிடும். படத்தைத் திருப்பாமல், வந்தபடி கிடைத்த குறுக்குவெட்டிலேயே கோடு போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. ஸ்கேன் துண்டுகள் தடிமனாக எடுக்கப்பட்டிருந்தால் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. சுமார் அரை மில்லிமீட்டர் துண்டுகளாக வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடவேண்டும்.

அளவு தவறினால் என்ன ஆகும்? சின்னக் காக்ளியாவில் 31.5 மி.மீ. எலெக்ட்ரோடு முழுதாகப் போகாது. வாசலில் இரண்டு மூன்று தொடுபுள்ளிகள் வெளியே நிற்கும். நின்ற இடத்தில் அழுத்தித் தள்ளினால் உள்ளே மடங்கி, குழாயை மேல், கீழ் என்று பிரிக்கும் மென்சவ்வைக் கிழித்து மேல்குழாய்க்குள் ஏறிவிடும். அதோடு மிச்சமிருந்த இயற்கைக் கேட்புத்திறனும் போகும். பெரிய காக்ளியாவில் வெளிச்சுவரை ஒட்டிப் போகும் 20 மி.மீ. வகையைப் போட்டால் ஒரு சுற்றைக்கூட நிறைக்காது. வாசல் பக்கம் கீச்சுக் குரலுக்கு, உச்சிப் பக்கம் கனத்த குரலுக்கு என்பது காக்ளியாவின் ஏற்பாடு. அப்பாவின் குரலுக்கு உரிய நரம்புப் பகுதி தொடப்படாமலே கிடக்க, அந்த ஒலி கீச்சு இடத்தில் போய் விழும். 'எல்லாரும் கார்ட்டூன் மாதிரி பேசுறாங்க' என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் நீளத்தை மட்டும் வைத்து எது உசத்தி என்று பேசுவதும் பிழைதான். நடுத்தண்டை அணைத்துப் போகும் வளைந்த வகை 18 மி.மீ. அளவிலேயே ஒரு சுற்று போய்விடும். கனத்த ஒலி இன்னும் கேட்கிற காதுக்கு வேண்டுமென்றே குட்டையானதைத் தேர்ந்தெடுப்பார்கள்.

'குழந்தைக்குச் சின்னதுதான் போடணும்' என்ற பேச்சும் உண்டு. பிறக்கும்போதே காக்ளியா முழு வளர்ச்சி பெற்றுவிடும். வளர்வது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு. அதற்காகத்தான் ஒயரைக் கொஞ்சம் சுருட்டித் தளர்வாக விடுகிறார்கள்.

எலும்பைக் காட்டுவது சிடி. நரம்பையும் உள்திரவத்தையும் காட்டுவது எம்ஆர்ஐ. செலவை நினைத்து ஒன்றோடு நிறுத்துவது ஆபத்து: காக்ளியா அழகாக இருந்தும் கேள்நரம்பு இழையாகவோ இல்லாமலோ இருக்கலாம். காக்ளியாவே உருவாகாத காதில் இம்ப்ளான்ட் போட இடமே கிடையாது. மூளைக்காய்ச்சல் வந்து காது போன பிள்ளைக்கோ நாள் கணக்குத்தான். குழாய்க்குள் எலும்பு படிவது சில வாரங்களிலேயே தொடங்கலாம். சிடியில் தெரிவதற்கு முன்பே, எம்ஆர்ஐயில் திரவத்தின் வெளிச்சம் மங்கியிருக்கும். 'உடம்பு தேறட்டும், ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்' என்று அனுப்பவே கூடாத கூட்டம் இது.

அறுவைக் கூடத்தில் ஒரு பழைய கண்ணி இருக்கிறது. வட்டச் சாளரம், நடுக்காதின் அங்கவடி எலும்பின் அடித்தட்டுக்குக் கீழே சுமார் 2 மி.மீ. தொலைவில் ஒரு எலும்பு விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைவிடக் கீழே இருக்கும் காற்றறை பார்க்க அப்படியே சாளரம் போலத் தெரியும். விளிம்பைத் தேய்த்து, சாளரத்தை மூடியிருக்கும் சவ்வைக் கண்ணால் பார்க்காமல் செருகினால் எலெக்ட்ரோடு சுகமாகக் காற்றறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நுனி உள்ளே மடிந்து திரும்பிக்கொள்வது இன்னொரு விபத்து. வளைந்த வகையில் இது கூடுதல். நோயாளி மேசையில் இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்துவிட்டால் அங்கேயே சரிசெய்யலாம். ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் எடுக்கும் மின்தடை அளவு நன்றாக வந்ததே என்று எக்ஸ்ரேயை விடக்கூடாது. மடிந்த நுனியும் திரவத்துக்குள்தான் இருக்கிறது, அளவு நன்றாகத்தான் வரும்.

அறுவை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரத்தில், வெளியே மாட்டும் கருவியான பிராசஸரை முதன்முதலாக இயக்குவார்கள். மேப்பிங், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு மின்னோட்டம் என்று அமைப்பதில், தவறுகள் தொடங்குவதும் அன்றுதான். வீட்டார் கேமராவோடு நிற்பார்கள், குழந்தை திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற அவசரத்தில் மின்னோட்டம் ஏறிவிடும். குழந்தை வீறிட்டு அழுது, மறுநாளிலிருந்து, தலையில் காந்தத்தால் ஒட்டும் காயிலைப் பார்த்தாலே கையைத் தட்டிவிடும். முதல் நாள் மேப் குறைவாகவே இருக்கட்டும். பயன்படுத்தத் தொடங்கியதும் மின்தடை இறங்கும், அளவுகளும் மாறும். முதல் மாதங்களில் அடிக்கடி வரச்சொல்வது இதற்காகத்தான். தாளவாடியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கோவைக்கு வரும் குடும்பம் மஞ்சள் வெட்டு முடியட்டும் என்று இரண்டு தவணையை விட்டால், பிள்ளை பழைய மேப்பிலேயே, அதாவது பழைய சட்டையிலேயே இருக்கிறது என்று பொருள்.

நரம்பின் எதிர்வினையைக் கருவி தானாக அளந்து தரும் எண்ணை அப்படியே மேப்பாக ஏற்றுவது சோம்பேறித்தனம். அது மேப்பின் வடிவத்தைச் சொல்லும். எவ்வளவு சத்தம் இதமானது என்பதைச் சொல்லாது. சிலருக்கு அந்த எண் இதமான எல்லையையும் தாண்டி நிற்கும். ஏதாவது ஒரு புள்ளியை இயக்கும்போது அதே பக்கக் கண் சிமிட்டினாலோ கன்னம் துடித்தாலோ முகநரம்புக்கு மின்னோட்டம் கசிகிறது. மின்துடிப்பின் அகலத்தை மாற்றிப் பார்த்து, அடங்காவிட்டால் அந்தப் புள்ளியை அணைத்து, அதன் ஒலிப்பங்கை மற்றவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். சாளரத்துக்கு வெளியே நிற்கும் புள்ளிகளுக்கும் அதே வைத்தியம்தான்.

தமிழுக்கென்று ஒரு விஷயம். பல், பால் வேறுபாடு நீளத்தில் இருப்பதால் இம்ப்ளான்ட் அதைச் சுலபமாகக் கொடுத்துவிடும். அலை, அளை, அழை மூன்றையும் பிரிப்பது நுணுக்கமான அதிர்வெண் வேறுபாடு. 12 முதல் 22 புள்ளிகளுக்குள் அதை அடக்குவது கடினம். வீட்டிலேயே பலர் ழவை ளவாகத்தான் சொல்கிறார்கள். பிள்ளை இதில் தடுமாறுகிறது என்று மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போகக்கூடாது. தினமும் காலையில் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆறையும் பின்னால் நின்று ஒரு மீட்டரிலிருந்தும் மூன்று மீட்டரிலிருந்தும் சொல்லிப் பாருங்கள். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் முதலில் மைக் மூடியையும் காயில் ஒயரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் மேப்பைச் சந்தேகப்படலாம். பஞ்சு பறக்கும் ஊர்களில் மைக் மூடி சீக்கிரம் அடைபடும்.

தெரபியில் 'நீ சாப்பிட்டாயா' என்று புத்தகத் தமிழும், வீட்டில் அமுச்சி (பாட்டி) 'சோறு உண்டியா கண்ணு' என்பதுமாக இருந்தால், பிள்ளை இரண்டு மொழி கற்கவேண்டியிருக்கும். அமுச்சியின் பேச்சிலேயே தொடங்கட்டும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீட்டில் சத்தம் 90 டெசிபலுக்கு மேலே போகும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேச்சுப்பயிற்சி கொடுத்தால் வாயசைவைத்தான் பிள்ளை படிக்கும். தறி நிற்கிற அரைமணி நேரம், ஓடுகிற மூன்று மணி நேரத்தைவிட மேல்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் உண்டு. அந்த 6, பணத்துக்கான கெடு. மூளையின் கேள்பகுதி சத்தத்துக்குப் பழகும் காலம் மூன்றரை வயதுக்குப் பிறகு சுருங்க ஆரம்பித்துவிடும்.

கடைசியாக, பழனி மொட்டை. காயம் முழுதாக ஆறி, அறுவை செய்தவர் சரி என்ற பிறகு போடலாம். தழும்பின் மேல் கத்தியை அழுத்தவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலரும் மறப்பது காந்தத்தை. முடி இருந்தபோது பிடித்த அதே காந்தம் மொட்டைத் தலையில் தோலை நசுக்கும். காயிலை எடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லை, தொட்டால் வலிக்கிறது என்றால் ஒரு படி குறைந்த காந்தம் வாங்கி மாட்டவேண்டும். முடி வளர்ந்ததும் பழையதுக்குத் திரும்பலாம். சந்தனத்தைக் காயில் இடத்தில் மட்டும் பூசாமல் விட்டு, மற்ற இடத்தில் பூசியது காய்ந்த பிறகு பிராசஸரை மாட்டுங்கள்.