நிலவறையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ: ஒலியை அடைப்பது எப்படி?

ஃபோம் வாங்கக் கிளம்பியிருந்தால் சற்று நில்லுங்கள். சுவரில் ஒட்டும் அந்தக் கறுப்பு ஃபோமில் ஒரு துண்டை வாயருகே வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபக்கம் வருகிறதல்லவா? ஒலியும் அப்படித்தான் போய்விடும். ஃபோம் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, உங்கள் டிரம் சத்தத்தை வீட்டாரிடமிருந்து மறைக்காது. முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலை தீப்பற்றுவது.

ஒலியை மறிக்க வேண்டுமென்றால் எடை வேண்டும், இடைவெளி அடைபட வேண்டும், ஒரு பரப்பின் அதிர்வு அடுத்த பரப்புக்குத் தாவாமல் பிரித்து வைக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றின் விரிவுதான்.

படி 1: வாங்கும் முன் கேளுங்கள்

நிலவறையில் பேஸ் (தாழ்ந்த, அதிரும் ஒலி) கனமான ஒரு பாட்டை ஓடவிட்டு, மாடிக்குப் போய் ஒவ்வோர் அறையிலும் நின்று கேளுங்கள். எங்கே எவ்வளவு கேட்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு நீங்கள் கீழே இருங்கள். மேலே ஒருவரை நடக்கச் சொல்லுங்கள், குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், வாஷிங் மெஷினை ஓட்டச் சொல்லுங்கள். மைக்கில் விழப்போவது இவைதான்.

நிலவறையின் சுற்றுச்சுவர் பெரும்பாலும் காங்கிரீட். அதன் பின்னால் மண். இதைவிடக் கனமான தடுப்பை நீங்கள் கட்டப்போவதில்லை. ஆகவே அதில் பணத்தைக் கொட்டாதீர்கள். ஒலி தப்புவது கூரை, கதவு, ஜன்னல், காற்றுக்குழாய் வழியாகத்தான்.

படி 2: ஈரம்

சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது. இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரிலும் தரையிலும் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி இருந்தால் காங்கிரீட் வழியே ஈரம் வருகிறது. தாளின் மேற்பரப்பில் இருந்தால் அறைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். எதுவானாலும் முதலில் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் சுவருக்குள் வைக்கும் பஞ்சும் பலகையும் பூஞ்சை பிடிக்கும். வேலை முடிந்தபின் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

படி 3: ஓட்டைகள்

சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மற்ற இடமெல்லாம் எத்தனை தடிமனாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலை (ஒலியளவின் அலகு) தாண்டாது. எனவே விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லித் துளைகளைத் தேடுங்கள். குழாய் நுழையுமிடம், சுவரும் தரையும் சேருமிடம், சுவிட்ச் பெட்டிகளின் பின்புறம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். சிறு விரிசலுக்கு, காய்ந்தாலும் இறுகாமல் நெகிழ்ந்தே இருக்கும் ஒலித்தடுப்புப் பசை. பெரிய துளைக்கு முதலில் சிமெண்டுக் கலவை, பிறகு பசை. உப்பிப் பெருகும் நுரை ஸ்ப்ரே துளையை மூடும், ஆனால் எடை இல்லாததால் ஒலிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

படி 4: கூரை

உங்கள் உழைப்பில் பாதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். மர உத்தரங்கள் கொண்ட கூரை என்றால் வரிசை இது: உத்தரங்களுக்கு இடையே ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு), உத்தரத்தில் ரப்பர் வைத்த கிளிப்புகள், கிளிப்பில் உலோகச் சேனல், சேனலில் 16 மி.மீ. ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு. ஓர் அடுக்கின் இணைப்புக்கு நேராக மற்றதன் இணைப்பு வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவே அதிர்வைத் தணிக்கும் பசையைப் பூசினால் இன்னும் நல்லது. பலகையின் விளிம்பு சுவரைத் தொடக்கூடாது. சுமார் 6 மி.மீ. விட்டு, அந்த இடைவெளியைப் பசையால் நிரப்புங்கள்.

பழைய ஃபால்ஸ் சீலிங் இருந்தால் கழற்றிவிடுங்கள். அதன்கீழ் இன்னொன்று கட்டினால் தளம், பழைய பலகை, புதிய பலகை என மூன்று பரப்பாகிவிடும். தாழ்ந்த ஒலிகள் முன்பைவிட எளிதாகக் கடக்கக்கூடும்.

நான் கோட்டைவிட்ட இடமும் கூரைதான். எல்லாம் முடிந்தபின் ஒரு மூலையில் மட்டும் காலடி ஓசை தலைக்குமேல் ஆணி அடிப்பதுபோல் கேட்டது. பலகையைக் கழற்றினால், ஒரே ஒரு திருகாணி ஒரு விரற்கடை நீளம் கூடுதல். பலகையையும் சேனலையும் துளைத்து உத்தரத்தில் இறங்கியிருந்தது. அந்தக் கிளிப்புகளின் ரப்பரெல்லாம் அங்கே வெறும் அலங்காரம். இரண்டு அடுக்குக்கும் இரண்டு நீளத் திருகாணிகளைத் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள்.

இரண்டு அடுக்குப் பலகை சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் கனக்கும். உத்தரம் தாங்குமா என்று கட்டுமானம் தெரிந்தவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். காலடி ஓசைதான் பெரிய தொல்லை என்றால் முதலில் மேல்தளத்தில் தடித்த அடிவிரிப்போடு கம்பளம் போட்டுப் பாருங்கள். சத்தம் பிறக்குமிடத்திலேயே அடங்குவதற்கு ஈடில்லை.

படி 5: கதவு

உள்ளே கூடான கதவை மாற்றி, திண்மையான மரக் கதவு போடுங்கள். நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் கதவை மூடியதும் தரையில் பதியும் பட்டை. ஒரு காகிதத் துண்டை நிலைக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் ஒழுகுகிறது.

படி 6: மூச்சு

நன்றாக அடைத்த அறைக்குள் புதுக் காற்று வராது. உட்புறம் கண்ணாடி இழைப் பஞ்சு பதித்து, காற்று இரண்டு மூன்று முறை வளைந்து போகும்படி ஒரு பெட்டி செய்து, அதன் வழியே உள்ளே ஒரு பாதை, வெளியே ஒரு பாதை விடுங்கள். காற்று ஓசை எழுப்பாமல் மெதுவாக வரட்டும். விசிறியைத் தொலைவில் வையுங்கள்.

நிலவறையில் எரிவாயு ஹீட்டரோ பாய்லரோ இருந்தால் அதற்கு வரும் காற்றை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள். அவசரத்தில் வெளியேறும் ஜன்னலையும் நிரந்தரமாக மூடக்கூடாது.

படி 7: இப்போதுதான் உள்ளொலி

காங்கிரீட் அறையில் குரல் வாளிக்குள் பேசுவதுபோல் கேட்கும். 10 செ.மீ. தடிமனுள்ள ராக்வூல் பலகைகளைத் துணியில் பொதிந்து, மூலைகளிலும், பேச்சு பட்டுத் திரும்பும் சுவரிலும் மாட்டுங்கள். நான்கு மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே பேஸ் ஓரிடத்தில் பெருகும், ஓரிடத்தில் காணாமல் போகும். மெல்லிய ஃபோமால் அதைத் தொடக்கூட முடியாது.

முடிந்ததும் அதே பாட்டை அதே அளவில் ஓடவிட்டு, பழைய நோட்டோடு மறுபடி மாடி ஏறுங்கள். பத்து டெசிபல் குறைந்திருந்தால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். என் நோட்டில் இன்னும் அடிக்கப்படாமல் ஒரு வரி மிஞ்சியிருக்கிறது: மேல்மாடிக் குளியலறைக் குழாய். யாராவது குளிக்கப் போனால் மைக்கை அணைத்துவிட்டுத் தேநீர் போடப் போகிறேன்.