ரூபாயா, யூரோவா?

ஐரோப்பாவில் கார்டைத் தேய்க்கும்போதோ ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போதோ, "இந்திய ரூபாயிலேயே கழிக்கட்டுமா?" என்று இயந்திரம் கரிசனமாகக் கேட்கும். மயங்கிவிடாதீர்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான், யூரோவையே தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் பச்சைப் பொத்தானை அழுத்தி ஏமாந்தவன் சொல்கிறேன்.

ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருமுனைகளில் 'நசோனி' எனப்படும் இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓயாமல் கொட்டுகிறது. மூக்கு போல வளைந்த குழாயின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சும், குனிந்து குடிக்கலாம். காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள். மேசையில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடிவிடும். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியத்துக்குக் கட்டணமில்லை. வரிசைதான் திருப்பதியை நினைவூட்டும்.