பழைய மடிக்கணினி மெதுவாகிவிட்டதா? ஃபார்மட் அடிக்கும் முன் வன்பொருளைச் சோதிக்கும் முறை

பழைய மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் "ஃபார்மட் அடித்துவிடலாம்" என்பதுதான். விண்டோஸில் மட்டும் கோளாறு இருந்தால் அது பலிக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க் பழுதடையத் தொடங்கியதால் வேகம் குறைந்திருந்தால், ஃபார்மட் அடிப்பது உங்கள் கோப்புகளை அழிப்பதோடு நிற்காது. ஏற்கெனவே தள்ளாடும் டிஸ்க்கில் பல ஜிபி தரவை மீண்டும் எழுதவைத்து, அதன் முடிவையும் விரைவுபடுத்தும். எந்த உறுப்பில் குறை இருக்கிறது என்பதை முதலில் அளந்து பார்க்க வேண்டும். செலவு செய்வதைப் பற்றி அதன் பிறகுதான் யோசிக்க வேண்டும். அளப்பதற்குத் தேவையான மென்பொருள்கள் அனைத்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஏறத்தாழ 2012 முதல் 2018 வரை வாங்கப்பட்ட, 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை கொண்ட மடிக்கணினியை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் இன்னும் உயிரோடு இருப்பவற்றுக்கும் இந்த முறை பொருந்தும்.

முதலில் கோப்புகள்

எந்தச் சோதனைக்கும் முன்னால், உங்கள் படங்கள், ஆவணங்கள், சான்றிதழ்களின் ஸ்கேன் நகல்கள் ஆகியவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ நகலெடுத்துவிடுங்கள். முழு சி டிரைவையும் நகலெடுக்க முயல வேண்டாம். திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள், மற்றவை பிறகு. நகலெடுக்கும்போது குறிப்பிட்ட ஒரு கோப்பில் மட்டும் வேகம் பூஜ்ஜியத்துக்கு இறங்கி நெடுநேரம் நின்றால், அதுவே உங்களுக்குக் கிடைத்த முதல் தடயம். அந்தக் கோப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைத் தொடருங்கள். "டக், டக்" என்று சீரான இடைவெளியில் தட்டும் ஓசை டிஸ்க்கிலிருந்து வந்தால் கணினியை அணைத்துவிடுங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு நிமிட ஓட்டமும் தரவை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

கணினியைத் தலைகீழாகத் திருப்பிப் பேட்டரி இருக்கும் பகுதியையும் ஒருமுறை பாருங்கள். அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் கணினி ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, சார்ஜிலும் போடக் கூடாது. மற்ற சோதனைகளை ஒத்திவைத்துவிட்டு, தெரிந்த ஒருவரைக் கொண்டு பேட்டரியை அகற்றச் செய்யுங்கள்.

மூன்று வரைபடங்களைச் சேர்த்துப் பார்த்தல்

சார்ஜரைச் செருகிய நிலையில் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மீண்டும் இயக்குவது இதற்குச் சமமாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது கணினியின் நிலையில் ஒரு பகுதி சேமிக்கப்பட்டு அடுத்த முறை அப்படியே மீண்டும் ஏற்றப்படும். ரீஸ்டார்ட் ஆனதும் பதினைந்து நிமிடம் எதையும் திறக்காமல் விட்டுவிடுங்கள். பல நாள் அணைந்து கிடந்த கணினியில் அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும் ஒரே நேரத்தில் ஓடும் என்பதால், அந்த நேரத்து மெதுவை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று, பிரௌசரையும் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் இரண்டொரு மென்பொருள்களையும் திறந்துகொண்டே சிபியு (கணினியின் செயலி), மெமரி (ரேம்), டிஸ்க் ஆகிய மூன்று வரைபடங்களையும் மாறி மாறிக் கவனியுங்கள். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டியவுடன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் ரேம் போதாதபோதும் விண்டோஸ் தன் வேலைகளின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அப்போதும் டிஸ்க் 100 சதவீதத்தில்தான் நிற்கும்.

ஆகவே டிஸ்க் 100-இல் இருக்கும்போது மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சந்தேகத்தை ரேம் பக்கம் திருப்புங்கள். மெமரி 50, 60 சதவீதத்தில் அமைதியாக இருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் ஒட்டிக்கொண்டிருந்தால், அதே பக்கத்தில் உள்ள ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற எண்ணைப் பாருங்கள். நலமாக உள்ள ஹார்ட் டிஸ்க்கில் அது பெரும்பாலும் சில பத்து மில்லிசெகண்டுகளுக்குள் இருக்கும். வேலை கூடும்போது சற்று ஏறி, பிறகு இறங்கும். வினாடிக்கு ஒரு எம்பிகூடப் படிக்காத நேரத்தில் அந்த எண் பல நூறு, சில ஆயிரம் மில்லிசெகண்டு என்று நின்றால், டிஸ்க் ஏதோ ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

சிபியு பக்கத்தில் சதவீதத்தைவிட முக்கியமானது ஸ்பீட் என்ற எண். அருகிலேயே பேஸ் ஸ்பீட் என்று சிபியுவின் அடிப்படை வேகமும் இருக்கும். அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸ் உள்ள சிபியு, கடும் வேலை நேரத்திலும் 0.7 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டாமல் நின்றால், ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுத்துவைத்திருக்கிறது. அந்த ஒன்று பெரும்பாலும் வெப்பமாக இருக்கும், இல்லாவிட்டால் சார்ஜராக இருக்கும்.

பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தல்

குறை விண்டோஸிலா, கணினியின் உடலிலா என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான வழியை நான் அறியேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவுவதற்கான முழு நகல்) ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள்; பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கணினியை இயக்கியவுடன் பூட் மெனுவை (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) திறந்து அந்தப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், ஹார்ட் டிஸ்க்கில் எதையும் மாற்றாமலேயே ஒரு முழு இயங்குதளம் ரேமிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் ஓடத் தொடங்கும். திரையில் தெரியும் இன்ஸ்டால் படத்தை மட்டும் தொடாதீர்கள்.

பென்டிரைவிலிருந்து முதல்முறை ஏறும்போது எல்லாமே சற்றுத் தாமதமாகும். அதனால் பிரௌசரை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, இரண்டாம் முறை திறக்கும்போது கவனியுங்கள். அப்போது கணினி சுறுசுறுப்பாக இயங்கினால், குறை ஹார்ட் டிஸ்க்கில் அல்லது விண்டோஸில் இருக்கிறது. இங்கேயும் சுட்டி திக்கித் திணறி நகர்ந்தால் வெப்பம், சார்ஜர், ரேம் ஆகியவற்றைத் தேட வேண்டும். அல்லது அந்த சிபியுவின் திறனே அவ்வளவுதான் என்று ஏற்க வேண்டும். விண்டோஸ் ஏறவே மறுக்கும் கணினியிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்கவும் இதே பென்டிரைவ் உதவும்.

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டைக் கொண்டிருக்கிறது. விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் அதைக் காட்டும். லினக்ஸ் மின்ட்டில் டிஸ்க்ஸ் என்ற செயலியிலேயே அது இருக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்ததும் நீல நிறத்தில் குட் என்று வந்தால் நிம்மதி அடைந்து மூடிவிடாதீர்கள். கீழே உள்ள பட்டியலில், ரா வேல்யூஸ் என்ற கடைசிப் பத்தியில் நான்கு வரிசைகளைப் பார்க்க வேண்டும். அந்த எண்கள் வழக்கமாகப் பதினாறடிமான (ஹெக்ஸ்) முறையில் இருக்கும்; ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர், ரா வேல்யூஸ் என்று சென்று பதின்ம முறைக்கு மாற்றிக்கொண்டால் படிப்பது எளிது.

05 என்ற வரிசை, பழுதாகி ஒதுக்கப்பட்டு மாற்று இடம் தரப்பட்ட செக்டார்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் போய், இன்னும் தீர்ப்பு எழுதப்படாமல் காத்திருக்கும் செக்டார்கள். சி6 என்பது டிஸ்க் தானே சோதித்தும் படிக்க முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். மூன்றில் வேகத்தை மிக நேரடியாகப் பாதிப்பது சி5 தான், ஏனென்றால் அந்தச் செக்டார்களைத் தொடும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் பல வினாடிகள் போராடும். எண்ணைக் குறித்துவைத்து ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். 05-இல் ஒற்றை இலக்க எண் மாறாமல் நின்றால் எச்சரிக்கையோடு தொடரலாம். எண் ஏறினால் டிஸ்க்கை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. நான்காவதான சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால், குறை பெரும்பாலும் டிஸ்க்கில் அல்ல, அதை மதர்போர்டோடு இணைக்கும் கேபிளிலோ கனெக்டரிலோ இருக்கிறது. அதைக் கழற்றித் திரும்பச் சரியாகச் செருகினாலே சில நேரம் போதும்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில், சிஸ்டம் பதிவுகளில் டிஸ்க் என்ற பெயரோடு 7 அல்லது 153 என்ற எண் அடிக்கடி வந்திருந்தால் அது டிஸ்க் பழுதுக்கு வலுவான சாட்சி. முதல் எண் கெட்ட பிளாக்கையும், இரண்டாவது எண் ஒரு முயற்சி தோற்று மீண்டும் செய்யப்பட்டதையும் குறிக்கும். எரர் செக்கிங் போன்ற பழுதுநீக்கும் கருவிகளை நகலெடுக்கும் முன் ஓட்டாதீர்கள்.

டெல் கணினிகளில் எஃப்12 அழுத்திக் கிடைக்கும் மெனுவிலும், ஹெச்பி கணினிகளில் இயக்கியவுடன் எஸ்கேப், பிறகு எஃப்2 அழுத்தியும் நிறுவனத்தின் சொந்தச் சோதனைக் கருவியைத் திறக்கலாம்.

ரேம்

ரேமில் உண்மையான பழுது இருந்தால் கணினி மெதுவாவதைவிட, நீலத் திரை காட்டுவதும் தானே ரீஸ்டார்ட் ஆவதும்தான் அதிகம். மெதுவுக்குக் காரணம் பெரும்பாலும் ரேம் குறைவாக இருப்பதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு ரேம் கார்டுகள் உள்ள கணினியில் ஒன்று தொடர்பை இழந்துவிட்டால், கணினி எந்தச் சத்தமும் போடாமல் மற்றதை மட்டும் வைத்து ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் 8 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 4 என்று இருந்தாலோ, ஸ்லாட்ஸ் யூஸ்டு என்பதில் இரண்டில் ஒன்று என்று வந்தாலோ அதுதான் நடந்திருக்கிறது. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, அந்தக் கார்டை எடுத்து, பொன்னிற முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள். பழுதைச் சந்தேகித்தால் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தக் கார்டு உதவாது. புதிதாக வாங்குபவர்கள் டிடிஆர்3, டிடிஆர்3எல் என்ற ரேம் வகைகளின் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முன்னது 1.5 வோல்ட்டிலும் பின்னது 1.35 வோல்ட்டிலும் இயங்குவதால், 1.35 வோல்ட்டை மட்டும் ஏற்கும் போர்டுகளில் பழைய வகை வேலை செய்யாது.

வெப்பமும் சார்ஜரும்

ஹெச்டபிள்யூமானிட்டர் என்ற மென்பொருளில் சிபியுவின் வெப்பநிலையைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி வரை இருப்பது இயல்பு. வேலை செய்யும்போது 95-ஐத் தாண்டி, அதே நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் வேகம் இறங்கினால், சிபியு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. மின்விசிறி இரைகிறது, ஆனால் பக்கவாட்டுத் துளையில் கை வைத்தால் காற்று வருவதே தெரியவில்லை என்றால், அடைப்பு உள்ளே இருக்கிறது. அடிமூடியைத் திறந்தால், விசிறிக்கும் செம்புக் குழாயின் முனையில் உள்ள மெல்லிய தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தூசி காய்ந்த கம்பளித் துண்டு போலப் படிந்திருப்பதைக் காணலாம். வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது. விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சிபியுவின் வெப்பத்தைச் செம்புக் குழாய்க்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பல ஆண்டுகளாகிக் காய்ந்து உதிர்ந்திருந்தால் அதையும் மாற்றுவது நல்லது.

வெப்பம் 60 டிகிரிதான், ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். 65 வாட் தேவைப்படும் கணினியில் 45 வாட் சார்ஜரைச் செருகியிருந்தால் சில மாடல்கள் சிபியுவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். டெல்லின் வட்ட முனை சார்ஜர்களில் நடுவே உள்ள மெல்லிய ஊசிதான் சார்ஜர் எது என்று கணினிக்குத் தெரிவிக்கிறது. அது வளைந்தாலோ ஒடிந்தாலோ பேட்டரி சார்ஜ் ஏறாது, கணினியும் ஆமை வேகத்துக்கு இறங்கிவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டும்போது வேகம் கூடினால் காரணம் உறுதியாகிவிட்டது. ஈவென்ட் வியூவரில் கெர்னல் புராசஸர் பவர் என்ற பெயரோடு 37 என்ற எண் இருந்தால், கணினியின் ஃபர்ம்வேரே (போர்டிலேயே பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு அது சான்று.

எதை மாற்றலாம், எதை விடலாம்

டிஸ்க்தான் காரணம் என்றால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதுவே மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது. டிஸ்க் நலமாக இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் சுழலும் தட்டில் இடம் தேடும் காத்திருப்பே எஸ்எஸ்டியில் இல்லை. மலிவு விலைக் கணினிகள் சிலவற்றில் 32 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், வாங்கும் முன் உங்கள் மாடலில் 2.5 அங்குல இடம் உண்டா என்று பாருங்கள்.

யூடியூப் பார்க்கும்போது மட்டும் சிபியு 100-ஐத் தொட்டால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். யூடியூப் பயன்படுத்தும் விபி9 என்ற சுருக்க முறையில் உள்ள காணொளியை முழுமையாக வன்பொருளிலேயே விரிக்கும் திறன் இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் சிபியுக்களில்தான் வந்தது. அதற்கு முந்தையவை பெரும்பாலும் சிபியுவையே வருத்தும். காணொளியை 480பி அளவுக்குக் குறைத்துப் பார்ப்பதே இதற்கு வழி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே எஸ்எஸ்டி போட்ட பிறகு, சோதனைக்காக உருவாக்கிய அதே பென்டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட்டை நிறுவிக்கொள்வது பலருக்கும் ஏற்றது.

மாற்றிய பிறகு அதே வரைபடங்களையும் வெப்பநிலையையும் மீண்டும் அளந்து, பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே அழிக்காமல், தவறவிட்ட கோப்பு எதுவும் இல்லை என்பது உறுதியாகும் வரை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி வைத்திருங்கள்.