லினக்ஸில் தகராறு செய்யும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்: அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை

காப்பி பாதியில் நிற்கிறது. டிஸ்க் காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வருகிறது. ஒரு ஃபைலை அழிக்கப் போனால் ‘ரீட் ஒன்லி’ என்கிறது. உடனே பலரும் கையில் எடுப்பது, ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளை. பெரிய தவறே அதுதான்.

எஃப்எஸ்சிகே சரிசெய்வது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு வழக்கை, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பதிவை மட்டுமே. ஹார்ட்வேர் கோளாறைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கேபிள் விட்டு விட்டு வேலை செய்யும்போது ஓட்டினால், படிக்க முடியாமல் போன இடத்தையெல்லாம் பழுது என்று எண்ணித் திருத்தி எழுதிவிடும். அப்புறம் உங்கள் ஃபைல்கள் பெயர் போய், வெறும் எண்களாக ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டரில் கிடக்கும். மவுன்ட் ஆகி, அதாவது சிஸ்டத்தோடு இணைந்து பயன்பாட்டில் இருக்கும் பார்ட்டிஷனில் ஓட்டுவது அதைவிட மோசம்.

முதலில் லினக்ஸின் மையமான கெர்னல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். டெர்மினலில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியை (dmesg -w) ஓடவிட்டு, டிஸ்க்கைச் செருகி, அதிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றைக் கணினிக்குக் காப்பி செய்யுங்கள். ‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று வந்தால் பெரும்பாலும் கேபிள், போர்ட், மின்சாரம் இவற்றில் ஒன்று. ‘ரீசெட் சூப்பர்ஸ்பீட்’ என்பதோடு ‘யூஏஎஸ்’ (யூஎஸ்பி டிஸ்க்குகளுக்கான வேகமான பரிமாற்ற முறை) என்ற பெயரும் அடிபட்டால், பெட்டிக்குள் டிஸ்க்கை யூஎஸ்பியோடு இணைக்கும் பிரிட்ஜ் சிப்பைச் சந்தேகப்படலாம். ‘மீடியம் எரர்’ என்றால்தான் டிஸ்க்கே போகிறது.

மின்சாரத்தை யாரும் நினைப்பதே இல்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் சில டிஸ்க்குகள் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். ராஸ்பெரி பை 4-இல் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், அதில் இரண்டு டிஸ்க்கை நேரடியாக மாட்டிவிட்டு லினக்ஸைத் திட்டுவதில் நியாயமில்லை. தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள்.

பிரிட்ஜ் சிப்தான் காரணம் என்றால், யூஏஎஸ் மாட்யூலையே மொத்தமாகத் தடை செய்யச் சொல்லும் ஆலோசனை நிறையக் கிடைக்கும். வேண்டாம். ஒழுங்காக ஓடும் மற்ற டிஸ்க்குகளும் வேகம் குறையும். எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளை காட்டும் அடையாள எண்ணை எடுத்து, யூஎஸ்பி ஸ்டோரேஜ் குவர்க்ஸ் (usb-storage.quirks) என்ற கெர்னல் அமைப்பில் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் யூஏஎஸ்ஸை நிறுத்தினால் போதும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் (SMART) சோதனையில் ‘பாஸ்டு’ என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. அந்த ஒரு சொல்லை நம்பாதீர்கள். பட்டியலில் 5, 197, 198 ஆகிய வரிகளைப் பாருங்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் கதை முடியப்போகிறது. 199 பூஜ்யமாக இருப்பதால் யூஎஸ்பி கேபிள் நன்றாக இருக்கிறது என்றும் முடிவு கட்டாதீர்கள். அது பெட்டிக்குள்ளே டிஸ்க்குக்கும் பிரிட்ஜ் சிப்புக்கும் இடையிலான இணைப்பைப் பற்றியது.

சரி, டிஸ்க் போகிறது என்று தெரிந்துவிட்டது. இப்போதும் எஃப்எஸ்சிகே கிடையாது. அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்புக் கருவி மூலம் நகலெடுங்கள். எதுவரை நகலெடுத்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைலின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். அது இருந்தால்தான் நடுவில் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ரிப்பேரெல்லாம் அந்த நகலில்தான்.

விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் உள்ள டிஸ்க் ரீட் ஒன்லியாக மட்டும் வந்தால் இவ்வளவு பயப்பட வேண்டாம். கணினியை முழுதாக அணைக்காத விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதைப் பாதியில் விட்டிருக்கலாம். வலுக்கட்டாயமாக மவுன்ட் செய்யாமல், விண்டோஸில் செருகி அதன் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக்டிஸ்க் (chkdsk) ஓட்டுங்கள். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் (ntfsfix) அதற்கு மாற்று அல்ல.

தானாக மவுன்ட் ஆக வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேபில் (/etc/fstab) எஸ்டிபி1 (sdb1) என்று எழுதி வைப்பதையும் விட்டுவிடுங்கள். அறுந்து திரும்பும் டிஸ்க்கின் பெயர் எஸ்டிசி (sdc) ஆகிவிடும். மாறாத அடையாளமான யூயூஐடியைக் (UUID) கொடுத்து, கூடவே ‘நோஃபெயில்’ (nofail) சேருங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் செருகாத நாளில், சிஸ்டத்தைத் தொடக்கி வைக்கும் சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.