காசநோயும் சுகரும் சேர்ந்திருக்கும்போது வைட்டமின் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

சுகர் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அப்படி இரண்டும் சேர்ந்துவிட்டால் பலரும் செய்கிற பெரிய தவறு, எந்தத் தொந்தரவு வந்தாலும் பழியைச் சுகர் மேல் போட்டுவிட்டு அத்தோடு விட்டுவிடுவதுதான்.

பாதம் மரத்துப்போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் நடப்பது. சுகரால் இது வரும், உண்மைதான். ஆனால் காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயசிட் மாத்திரை உடம்பில் பி6 வைட்டமினைக் குறைத்துவிடும், அதனாலும் இதே மரத்துப்போதல் வரும். சுகருக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைந்திருக்கலாம், அதற்கும் அறிகுறி இதேதான். ஒரே பாதத்தில் மூன்று காரணங்களும் ஒன்றாக இருக்கலாம். சுகரால் கெட்ட நரம்பைச் சரிசெய்வது கஷ்டம், வைட்டமின் குறைவை மாற்றுவது அவ்வளவு கஷ்டமில்லை. அதைப் போய் கவனிக்காமல் விடுவது வீண் நஷ்டம்.

அதனால் காசநோய் சிகிச்சை ஆரம்பிக்கும்போதே சுகர் இருப்பதைச் சொல்லி, பைரிடாக்சின் (அதாவது பி6) எழுதியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தடுப்புக்குத் தினம் 10 முதல் 25 மி.கி. வரை கொடுப்பது வழக்கம். நல்லதுதானே என்று நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள், பி6 அளவுக்கு மீறி நாள்கணக்கில் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். பி12-க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்பு பாதிப்பு பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

அப்புறம் வைட்டமின் டி. காசநோயாளிகள் பலருக்கு அது குறைவாக இருப்பது உண்மை. அதற்காக டி மாத்திரை போட்டால் காசநோய் ஓடிவிடும் என்று சொல்வதை நம்பவேண்டாம். மங்கோலியாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. காசநோய்த் தொற்றை அது தடுக்கவில்லை. குறைவு இருந்தால் ஈடு செய்யுங்கள், அவ்வளவுதான். காசநோய்க் கட்டிகளில் இருக்கும் செல்கள் தாமாகவே வைட்டமின் டியை அதன் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும், ரத்தத்தில் கால்சியம் ஏறவும் செய்யும். அதனால் கடையில் வாங்கிப் பெரிய டோஸ் போடுவது ஆபத்து.

சாப்பாட்டிலும் ஒரு குழப்பம். சுகர் என்றதும் எல்லாவற்றையும் குறைப்பார்கள், காசநோய்க்கோ எடை ஏறவேண்டும். காசநோய் சிகிச்சை நடக்கும் இந்த ஆறு மாதம் பட்டினி கிடந்து சுகரைக் குறைக்கிற காலம் இல்லை. புரதம் நன்றாகச் சாப்பிட்டு, ஏறுகிற சுகரை மருந்தால் சமாளிப்பதுதான் சரி, தேவைப்பட்டால் இன்சுலினும் போட்டுக்கொள்ளலாம். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக, கொஞ்சம் பேருக்கே தெரிந்த விஷயம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து கல்லீரலைத் தூண்டிவிட்டு கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரியான சுகர் மாத்திரைகளைச் சீக்கிரம் கரைத்துவிடும், அதனால் சிகிச்சையின் நடுவில் டோஸைக் கூட்டியிருப்பார்கள். காசநோய் மருந்து முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் அந்தத் தூண்டல் போய்விடும். கூட்டிய டோஸை அப்படியே தொடர்ந்தால் சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரும். ஆகவே கடைசி மாத்திரை முடிவதற்கு முன்பே சுகர் டாக்டரைப் பார்த்து, டோஸை எப்போது எவ்வளவு குறைப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.